ஓடைக்கரையில் ஒரு நேர்கோடு

எங்கள் தொழிலில் செய்த வேலை கண்ணுக்குத் தெரியப் பத்து வருடம் ஆகும். செய்த தப்பு தெரியப் பத்து நாள் போதும். தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடியை வைத்துச் சாகடித்தவர்கள் எல்லாரும் எனக்கு உறவு. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

வேலை இதுதான். மலையில் விழுகிற மழை அடி அண்ணாமலைப் பக்கமாக ஒரு ஓடையில் இறங்கி, ஏரியை நிரப்பி, மிச்சம் தென்பெண்ணைக்குப் போகிறது. அந்த ஓடைக்கரையில் முன்பு என்ன புல், என்ன புதர், என்ன மரம் இருந்ததோ, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கரை நின்றால் மண் ஏரிக்குப் போகாது. ஊரில் ஒரு சின்ன அமைப்பு இதைச் செய்கிறது. செடிகளின் பெயர் அவர்களுக்குத் தெரியும். ஆள் வைத்து வேலை வாங்க ஒருவன் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். நான் முப்பது வருடம் தார் ரோடு போட்ட மேஸ்திரி. வீட்டில் சும்மா இருந்தால் சண்டை வருகிறது என்று ஒப்புக்கொண்டேன்.

ஒரு கெடுவும் இருந்தது. ஓடை ஓரிடத்தில் முழங்கை மாதிரி திரும்பும். முன்பு ஒரு மழையில் அந்த வளைவு உடைந்துதான் சகுந்தலாவின் கிணறு மணலில் மூடிப்போனது. சகுந்தலாவுக்கு ஐம்பது வயது. நாற்பது ஆடு. நாக்கு ஒன்றுதான், ஆனால் போதும். இரண்டு வருடம் கஷ்டப்பட்டுக் கிணற்றைத் தூர் வாரியிருந்தார். இன்னொரு தடவை மூடினால் ஆடுகளை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். பஞ்சாயத்துத் தலைவர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: “மூணு மழை பாக்கறேன் மேஸ்திரி. வளைவு நின்னா எடம் உங்க செடிங்களுக்கு. மறுபடியும் உடைஞ்சா ஓடைக்குக் குழாய போட்டு, மேல மண்ணடிச்சு, பௌர்ணமிக்கு வர்ற பஸ்சுங்கள அங்க நிறுத்திடுவேன்.”

கார்னர்

முதல் வருடம். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன். வளைவுக்கு மேல்புறம் இருந்த கரையில் புதரைச் செதுக்கினேன். மேடு பள்ளத்தைத் தட்டினேன். நூல் கட்டி எட்டடிக்கு ஒரு குழி எடுத்தேன். வரிசை கோணாமல் இருக்க ஒவ்வொரு கோடியிலும் ஒரு கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தேன். அமைப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, காடு இப்படி இருக்காதே என்று மெதுவாகச் சொன்னார்கள். காட்டை யாரும் மேற்பார்வை பார்ப்பதில்லை, அதனால் அப்படி இருக்கிறது என்றேன். அவர்கள் ஒரு செடிப் பட்டியலை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கிரிவலம் முடித்த குடும்பம் ஒன்று ரோட்டிலிருந்து இறங்கி வந்தது. வீட்டுக்காரர் வரிசையைப் பார்த்தார். வெள்ளைக் கல்லைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நம் வேலையை மதிக்கிற ஒரு மனிதர் கடைசியில் வந்தாரே என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “கார்னர் பிளாட் எதுனா பாக்கி இருக்குதுங்களா, மலையப் பாத்த மாதிரி?”

களை

நட்டு ஒரு மாதம் ஆனதும் நல்ல மழை. வரிசைகளுக்கு நடுவே என்னென்னவோ முளைத்தன. முப்பது வருடம் ரோடு போட்டவனுக்கு, தான் போட்ட இடத்தில் கேட்காமல் ஏதாவது முளைத்தால் தூக்கம் வராது. ஆறு பெண்களை வைத்து மூன்று நாள் பிடுங்கினேன். குவியல் இடுப்பு உயரம் வந்தது. மண் பளிச்சென்று இருந்தது. எனக்கு ரொம்ப திருப்தி.

சகுந்தலா ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியே வந்தார். குவியலைக் காலால் புரட்டினார். “இது ஆவாரை. இது வெப்பாலை. இது துத்தி. இது வெள்வேலங்கன்னு” என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். அமைப்பு எனக்கு எழுதிக்கொடுத்த பட்டியல் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. அவர் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. பின்னால் வரிசையில் நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததும் ஆவாரைதான், கீழ்பென்னாத்தூர் நாற்றங்காலில் வாங்கி வந்தது. அந்தம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அதுங்களா வந்ததுங்கள தொரத்திட்டு, வண்டி வெச்சு கூட்டினு வந்ததுங்களுக்குத் தண்ணி ஊத்தறீங்களா மேஸ்திரிண்ணா?”

மாடி வீடு

சரிவில் தண்ணீர் வேகமாக இறங்கும் வாய்க்கால்களில் கற்களை அடுக்கித் தடுப்பு போடுவோம். தண்ணீர் நிதானப்படும், மண் தேங்கும், அந்த மண்ணில் புல் பிடிக்கும். எங்கள் வேலையில் எனக்கு உண்மையாகவே தெரிந்தது இது ஒன்றுதான். ஏழுமலையும் நானும் பன்னிரண்டு தடுப்பு போட்டோம். ஏழுமலை என்னோடு ரோட்டு வேலையில் இருந்தவன், இப்போதும் கூட இருக்கிறான், ஏன் என்று எனக்குத் தெரியாது.

கிரிவலம் வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழியோரத்தில் கல் மேல் கல் வைத்து ஒரு சின்ன வீடு அடுக்கிவிட்டுப் போனால், சொந்த வீடு அமையும். இது எனக்கு அறுபது வருடமாகத் தெரியும். ஆனால் அதற்குக் கல் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததில்லை. அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் பன்னிரண்டு தடுப்பில் நாலுதான் மிச்சம். ரோட்டோரம் பூராவும் வீடு. ஒரு நகரே எழும்பியிருந்தது. ஏழுமலை சந்தோஷமாகச் சொன்னான், “பாருங்க, உங்க வரிசைய விட நல்லா வந்துருக்குது.”

மூன்று மாதம் இப்படியே போனது. அவர்கள் கட்டுவார்கள், நாங்கள் இடிப்போம். ஊரில் நான் வீடு இடிக்கிறவன் என்று பெயர் வந்துவிட்டது. ஒரு நாள் ஒரு அடுக்கில் கை வைத்தபோது பின்னால் ஒரு பெண், நிற்கச் சொன்னார். அதையும் பக்கத்தில் இருந்த சின்ன அடுக்கையும் அவர்தான் கட்டினவராம், இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஓடை, ஏரி, கிணறு எல்லாம் புரிந்தது அவருக்கு. நல்ல மனுஷி. தன் இரண்டு அடுக்கையும் பார்த்து யோசித்துவிட்டுச் சொன்னார்: “அந்தச் சின்னத எடுத்துக்குங்க பெரியவரே. அது மாமியாருக்கு வெச்சது.”

சர்க்கரை

இரண்டாவது வருடம் ஆவாரை பூத்தது. மஞ்சளாக, ரோட்டிலிருந்தே தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி: “இது எதுக்கு நல்லது?” மண்ணுக்கு நல்லது என்றால் முகம் சுருங்குகிறது. மனுஷனுக்கு என்று திரும்பக் கேட்கிறார்கள். ஒரு நாள் வெயில் உச்சியில் இருந்தது, எனக்குப் பசி, ஒருவர் விடவேயில்லை. அவரைத் துரத்துவதற்காக “சர்க்கரைக்குப் போடுவாங்க” என்றேன். மறுநாள் காலை பூ இல்லை. மொட்டு இல்லை. ஒடிக்கக்கூடிய கிளையும் இல்லை. அந்த மனிதர் லாட்ஜிலிருந்து இரண்டு பையோடு எதிரே வந்தார், என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். “நீங்க சொன்னீங்களேன்னு எங்க தெருவுக்கே சேத்து எடுத்துக்கினேங்க.”

ருசி

இனி ஆடுகள்.

முள்வேலி போட்டேன். ஆடு உள்ளே வந்தது. வேலியை இரட்டையாகப் போட்டேன். இரட்டை முள்ளில் ஏறி நின்றால் உயரமான கிளையும் எட்டுகிறது என்று ஆடுகள் கண்டுபிடித்தன. ஒரு நாள் குடையை ஓங்கிக்கொண்டு நானே விரட்டினேன். அறுபத்தெட்டு வயதில் செய்கிற காரியமா. சரிவில் கால் வழுக்கி, முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். துரத்தப்பட்ட கிடா திரும்பி வந்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு வெப்பாலைக் கொழுந்தைப் பறித்து மென்றது. சகுந்தலா ஓடி வந்து தூக்கிவிட்டார். நான் நன்றி சொல்லவில்லை. நீ ஆடு மேய்க்கிறாயா இல்லை என்னை மேய்க்கிறாயா என்று கத்தினேன். அந்தம்மா என் குடையை எடுத்து மடக்கிக் கையில் கொடுத்தார்.

வலி தீராமல் நேரே தலைவரிடம் போனேன். அவர் வீட்டிலும் ஆறு ஆடு, அதனால் முதலில் பிடி கொடுக்கவில்லை. கெடு வைத்தது நீங்கள்தானே என்று விடாமல் பிடித்தேன். ஓடைக்கரையில், வளைவுக்கு மேலும் கீழும், ஆடு வரக்கூடாது என்று பஞ்சாயத்தில் சொல்லவைத்தேன். மறுநாளிலிருந்து சகுந்தலா ஆடுகளை இரண்டு மைல் சுற்றி ஓட்டிப்போனார். தன் கிணற்றடிக்கே சுற்று வழி. ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. ரோட்டில் எதிர்ப்பட்டபோது மட்டும் நின்று சொன்னார்: “உங்க செடிங்கள்ள எது நம்ம மண்ணுதுன்னு ஆட்டுக்குத் தெரிஞ்சுது மேஸ்திரிண்ணா. அது தெரிஞ்ச ஒரே ஆளயும் அனுப்பிட்டீங்க.”

வெந்நீர்

கரையைப் பிடித்து நிற்க வெள்வேலம் வேண்டும் என்று அமைப்பில் சொன்னார்கள். வேர் ஆழம் போகும், வறட்சி தாங்கும். விதை வந்தது. மண் நிரப்பிய பாக்கெட்டில் போட்டேன். முளைக்கவில்லை. ஓடு கெட்டி, அதை இளக்க வேண்டும் என்றார்கள். ராத்திரி பூரா ஊறவைத்தேன். உப்புத்தாளில் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். சாணியில் புதைத்தேன். கடைசியில் வெந்நீர் ஊற்றச் சொன்னார்கள். எவ்வளவு சூடு என்று நான் கேட்கவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிவைத்தேன். தார் காய்ச்சிப் பழகின கை.

ஐந்நூறு பாக்கெட்டில் பதினொன்று முளைத்தது. அதில் மூன்று, கீரை. மூன்றாவது மழைக்கு ஒன்றரை வருடம்தான் இருந்தது. முழங்கால் வீக்கத்தோடு பாக்கெட்டுகளின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை தொட்டியில் மிச்சமிருந்த விதையைக் கரண்டியால் கிளறி, ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான். “நல்லா வெந்துருக்குது மேஸ்திரி. தாளிச்சிடலாமா?”

துடைப்பம்

அந்தக் கோடையில் ஒரு நாள் சகுந்தலாவின் ஆட்டுப்பட்டிப் பக்கமாகப் போக வேண்டி வந்தது. பட்டிக்கு வெளியே, குப்பை கொட்டுகிற இடத்தில், கீரைப்பாத்தி மாதிரி நெருக்கமாக ஏதோ முளைத்திருந்தது. குனிய முடியாது, குச்சியால் விலக்கிப் பார்த்தேன். வெள்வேலம். அத்தனையும் வெள்வேலம். ஆடு காயைத் தின்கிறது. பட்டியில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்புகிறது, மிச்சம் புழுக்கையில் வருகிறது. உப்புத்தாள், சாணி, வெந்நீர் மூன்றும் அதன் வயிற்றிலேயே இருக்கிறது. எந்த ஆட்டைக் கரைக்கு வராதே என்று ஊர்க்கூட்டம் போட்டு விரட்டினேனோ, அந்த ஆடு.

மூன்று நாள் போகவில்லை. நாலாவது நாள் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து, அங்கே போனதும் மறந்துவிட்டேன். பட்டி வாசலில் நின்றேன். சகுந்தலா ஒரு குட்டியின் குளம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு என் கையில் இருந்த காலிச் சாக்குகளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். ஊர்க்கூட்டத்தைப் பற்றிப் பேசுவார், தடையை எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பேரம் எனக்குப் பழக்கம். அவர் குட்டியை இறக்கிவிட்டுச் சொன்னார்: “மொத்தப் பட்டியும் கூட்டிட்டு எடுத்துக்குங்க. தொடப்பம் அங்க சாத்தி வெச்சிருக்குது.”

மறதி

கூட்டினேன். இரண்டு நாள் ஆனது. பதினாறு மூட்டை. பதின்மூன்றை நாற்றங்காலுக்குக் கொண்டுபோய்ச் சலித்து, விதை பொறுக்கி, பாக்கெட்டில் போட்டேன். இந்தத் தடவை நன்றாகவே முளைத்தது. முளைத்ததும் புத்தி பழைய இடத்துக்குப் போய்விட்டது. மேல்கரையில் போன வருடம் விட்ட இடத்தையும் செதுக்கிச் சுத்தம் செய்து, நூல் கட்டி நட்டேன்.

மீதி மூன்று மூட்டையை வளைவு மேட்டில் இறக்கிவைத்திருந்தோம். மூட்டை ஏற்றிவந்த மொபெட் அதற்குக் கீழே இறங்காது. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். எனக்கு வளைவுக்கு இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அங்கே நட வேண்டும் என்பதுதான் முழுத் திட்டமும், அதுதான் கடைசி வரைக்கும் நடக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒத்திப்போட்டேன். ஏழுமலைக்கும் ஞாபகம் இல்லை. ஆவணியில் மழை வந்தது, சாக்கு மக்கிக் கிழிந்தது, மூட்டை கரையெல்லாம் சரிந்தது. தை மாதம் ஒரு கைத்தடியை ஊன்றி இறங்கிப் பார்த்தேன். வெள்வேலமும் ஆவாரையும் கோரையும் துத்தியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, காலை வைக்க இடமில்லை. கோணல் மாணலாக, வெட்கமாக இருந்தது. ஆள் வைத்து ஒழுங்குபடுத்தலாம் என்றேன். ஏழுமலை சரிவிலேயே உட்கார்ந்துகொண்டான். “கிழவனுக்குக் கால் வலின்னு சாமி குடுத்ததே இதுக்குத்தான். மேல ஏறுங்க மொதல்ல.”

மூன்றாவது மழை

அடுத்த கார்த்திகையில் வந்தது. முதல் இரண்டு வருட மழையிலும் ஓடை வளைவை உடைக்கிற அளவுக்கு வரவில்லை. இரண்டு நாள் விடாத மழை. இரண்டாம் நாள் மதியம் ஓடை செம்மண் நிறத்தில் பாய்ந்தது. ரோட்டு மேட்டில் தலைவர், ஏழுமலை, நான், ஊரில் பாதிப் பேர். சகுந்தலா மட்டும் கீழே கிணற்றுமேட்டில், குடை இல்லாமல், வளைவைப் பார்த்து நின்றார். மேலே வாம்மா என்று கூப்பிட்டேன். காது கேட்டிருக்கும். அசையவில்லை.

முதலில் என் மேல்கரை போனது. அவ்வளவு சுத்தமாகச் செதுக்கி வைத்திருந்தேன் இல்லையா, பிடித்துக்கொள்ள ஒரு புல் கிடையாது. வரிசை வரிசையாக, நட்ட ஒழுங்கிலேயே போனது. வெள்ளைக் கல் கூட ஒன்றன் பின் ஒன்றாகத்தான் விழுந்தது. அந்தத் தண்ணீர் எல்லாம் திரும்பி வளைவில் மோதியது. புதர் படுத்தது. தண்ணீர் மேலே ஏறிப் போனது. ஒன்றும் தெரியவில்லை, வெறும் செந்நீர். நான் தரையைப் பார்த்தேன். பஸ்சுக்கு எத்தனை லோடு மண் வேண்டும் என்று பழக்கதோஷத்தில் மனசு கணக்குப் போட்டது. சாயங்காலம் தண்ணீர் இறங்கியது. படுத்த புதர் ஒவ்வொன்றாக, சேறு பூசிக்கொண்டு, நிமிர்ந்தது. கரை இருந்தது. சகுந்தலா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் தலைவர் வந்து நடந்து பார்த்தார். “வளைவுல யாரு நட்டது?” என்றார். ஏழுமலை வானத்தைப் பார்த்தான். யாரும் நடவில்லை என்றேன். சகுந்தலா, “என் ஆடுங்க நட்டதுங்க. மேஸ்திரி கூட்டிக் குடுத்தாரு” என்றார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. ஆட்டுத் தடையை எடுத்துவிடுங்கள், வளைவில் மரம் ஆட்டுக்கு எட்டாத உயரம் வரும்வரை மட்டும் அந்த ஒரு இடத்தை அவரே பார்த்துக்கொள்ளட்டும், எப்போது விடலாம் என்று அவருக்குத்தான் தெரியும் என்றேன். முப்பது வருடத்தில் நான் புகாரைத் திரும்ப வாங்கியது அன்றுதான். தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேல்கரையில் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லைக் காலால் தள்ளினார். “சரி, பஸ்சுக்கு வேற எடம் பாக்கறேன். எடம் உங்களுக்குத்தான். ஒரே ஒரு கண்டிஷன், மேஸ்திரி இந்தப் பக்கம் நூலு எடுத்துனு வரக்கூடாது.”

மூன்று வருடத்தில் நான் யோசித்து, அளந்து, நேராகச் செய்ததெல்லாம் ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நான் மறந்துவிட்டு வந்த மூன்று மூட்டைதான் கரையில் நிற்கிறது.